செவிக்கு ஒரு கதவு

கண்ணுக்கு இமை உண்டு. வாய்க்கு இதழ் உண்டு. செவிக்கோ மூடி இல்லை. காண விரும்பாததைக் கண் தானே மூடி விலக்கிவிடும். கேட்க விரும்பாததைச் செவியால் அங்ஙனம் விலக்க இயலாது. உடல் உறங்கும்போதும் அது விழித்தே இருக்கிறது. காட்டில் வாழ்ந்த பண்டை மனிதனுக்கு இவ்வமைப்புப் பெருங்காவலாய் இருந்தது. இருளிலே புலி வருவதை மூடிய கண்ணா அறிவிக்கும்? ஆயின் நகரத்தில் வாழும் இக்கால மனிதனுக்கோ எப்போதும் திறந்து கிடக்கும் இவ்வாயில் ஓயாத தொல்லைக்கு இடமாகிவிட்டது. பேருந்தின் எஞ்சின் உறுமுகிறது. மின்தொடரின் சக்கரம் தடதடக்கிறது. அடுத்த வீட்டு ஜெனரேட்டர் முழங்குகிறது. அடுக்களையில் மிக்சி அலறுகிறது. இவற்றினிடையே ஒரு மாணவன் பாடம் ஒன்றைக் கேட்க விரும்பினால் என் செய்வான்? கைப்பேசியின் ஒலியை ஏற்றுவான். இரைச்சல் மிகுந்தால் இன்னும் ஏற்றுவான். ஒரு தீமையை மற்றொரு தீமையால் வெல்ல முயல்வதையே இச்செயலில் காண்கிறோம்.

இத்தொல்லைக்குத் தீர்வாக இன்று கடைத்தெருவில் விற்கப்படுவதே இரைச்சலை அடக்கும் கம்பியில்லா ஹெட்போன். இதற்கு நல்ல தமிழ்ப்பெயர் ஒன்று படைக்க எனக்கும் ஆசை உண்டு. ஆனால் கடைக்குச் சென்று அப்பெயரைச் சொன்னால் கடைக்காரர் விழிப்பார். வேண்டிய பொருளும் கிடைக்காது. ஆதலின் மக்கள் வழங்கும் பெயரையே நாமும் வழங்குவோம். காது முழுவதையும் மூடும் வகையை ஹெட்போன் என்றும், காதின் துளையில் செருகும் சிறு வகையை இயர்பட்ஸ் என்றும் கூறுவர். சில ஆண்டுகளுக்கு முன்வரை பெருஞ்செல்வர் மட்டுமே வாங்கக்கூடியதாய் இருந்த இக்கருவி, இன்று 2,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய்க்குள்ளும் கிடைக்கிறது. எளிய குடும்பத்துக்கு அதுவும் சிறு தொகை அன்று. எனவே, வாங்குமுன் அதன் தகுதியை ஆராய்ந்து அறியும் முறை ஒன்று நமக்கு வேண்டும்.

ஒலியை ஒலியாலேயே அடக்கலாம் என்னும் கருத்து மிகப் பழையது அன்று. மிகப் புதியதும் அன்று. செருமனி நாட்டினரான பால் லூயெக் என்பார் இக்கருத்தை வகுத்து, 1936 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை பெற்றார். குழாய் ஒன்றின் வழியே வரும் இரைச்சலை ஒரு மைக்கு முன்னதாகவே கேட்டறிதல் வேண்டும். அதற்கு நேர் எதிரான ஒலியை ஓர் ஒலிபெருக்கி பிறப்பித்தல் வேண்டும். இரண்டும் கூடுமிடத்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்பது அவர் கண்ட நெறி. நெறி சரியானதே. ஆனால் அதனைக் கையடக்கமான கருவியாக்க வல்ல மின்னணு உறுப்புகள் அக்காலத்தில் இல்லை.

நாற்பது ஆண்டுகள் கழிந்த பின், 1978 ஆம் ஆண்டில், சூரிக் நகரிலிருந்து பாஸ்டன் நகருக்கு விமானத்தில் சென்றுகொண்டிருந்தார் பேராசிரியர் அமர் போஸ். வங்காளத்திலிருந்து ஆங்கிலேயரின் பிடிக்குத் தப்பி அமெரிக்கா சென்ற விடுதலை வீரர் ஒருவரின் மைந்தர் அவர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியராய் விளங்கியவர். விமானத்தில் கொடுத்த ஹெட்போனை அணிந்து இசை கேட்க முயன்றார். எஞ்சின் முழக்கத்தில் இசை மூழ்கிப் போயிற்று. மற்றவராயின் வெறுத்துக் கழற்றி வைத்திருப்பர். அவரோ அவ்விமானத்தில் இருந்தவாறே தாளை எடுத்துக் கணக்கிடத் தொடங்கிவிட்டார். 1986 ஆம் ஆண்டில் வாயேஜர் என்னும் சிறு விமானம் எங்கும் இறங்காது, இடையில் எரிபொருளும் நிரப்பாது, 9 நாள்களில் உலகைச் சுற்றிவந்தபோது, அதனை ஓட்டிய இருவரின் செவிகளைக் காக்க அவர்தம் நிறுவனத்தின் முன்மாதிரிக் கருவிகள் உதவின. 1989 இல் விமானிகளுக்கும், 2000 இல் பொதுமக்களுக்கும் அக்கருவி விற்பனைக்கு வந்தது. அமர் போஸ் 2013 இல் மறைந்தார்.

இனி, இக்கருவி தொழிற்படும் முறையைக் காண்போம். தெப்பக்குளத்தின் நீரில் இரு கற்களை இரண்டு இடங்களில் எறிந்து பாருங்கள். அலைகள் இரு வட்டங்களாய்ப் பரவிவந்து சந்திக்கும். ஓர் அலையின் முகடும் மற்றோர் அலையின் முகடும் கூடுமிடத்து நீர் மிக உயரும். ஒன்றன் முகடும் மற்றொன்றன் பள்ளமும் கூடுமிடத்து நீர் அசைவற்றது போல் தோன்றும். ஒலியும் காற்றில் செல்லும் அலையே. ஹெட்போனின் புறத்தே உள்ள சிறு மைக்கு இரைச்சலைக் கேட்கிறது. உள்ளே உள்ள சில்லு அவ்வலையின் முகட்டுக்குப் பள்ளமும் பள்ளத்துக்கு முகடுமாக எதிரலை ஒன்றை வகுக்கிறது. காதருகே உள்ள ஒலிபெருக்கி அதனை ஒலிக்கிறது. மைக்கைப் புறத்தே மட்டும் வைப்பது ஒரு முறை. காதருகே உட்புறத்தில் வைப்பது மற்றொரு முறை. இரண்டிடத்தும் வைத்து, உள்ளே எஞ்சிய இரைச்சலையும் அளந்து திருத்திக்கொள்வது மூன்றாம் முறை. இதனை ‘ஹைபிரிட்’ எனப் பெட்டியில் அச்சிட்டிருப்பர். விலை குறைந்த கருவிகளிலும் இப்போது இஃது இடம்பெறுகின்றது.

இக்கருவி எல்லா இரைச்சலையும் ஒருபடித்தாக அடக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மை அன்று. ஏன் என்பதைச் சிறு கணக்கு ஒன்று காட்டும். எஞ்சினின் ஆழ்ந்த உறுமல் ஒரு நொடிக்கு 100 அதிர்வுகளைக் கொண்டது எனக் கொள்வோம். ஓர் அதிர்வுக்கு ஆகும் நேரம் நொடியில் நூற்றில் ஒரு பங்கு. எதிரலையை வகுப்பதில் கருவி நொடியில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு தாமதித்துவிட்டது என்போம். ஓர் அதிர்வின் நேரத்தில் அஃது இருநூற்றில் ஒரு பங்கேயாம். ஆதலின் முகடும் பள்ளமும் ஏறத்தாழப் பொருந்தி, அலையின் உயரம் முப்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆனால் தட்டு ஒன்று விழும் ‘கிணீர்’ என்னும் ஒலியில் நொடிக்கு 5,000 அதிர்வுகள் கொண்ட கூறு உளதாயின், அதே தாமதம் ஓர் அதிர்வின் நாலில் ஒரு பங்காகிவிடும். அப்போது எதிரலை இரைச்சலை அடக்காது, முன்னிருந்ததைவிட மிகுவிக்கும்! இது பற்றியே கருவி செய்வோர் உயர்ந்த ஒலிகளில் எதிரலையைப் பயன்படுத்தாது விடுகின்றனர். அவ்வொலிகளைத் தடுப்பது காதைச் சுற்றியமையும் மெத்தை போன்ற உறையும், இயர்பட்ஸின் இரப்பர் முனையுமேயாம்.

எனவே, விடாது ஒலிக்கும் தாழ்ந்த முழக்கங்களை இக்கருவி நன்கு அடக்கும். பேருந்து எஞ்சின், மின்தொடரின் தடதடப்பு, மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, விமானம் ஆகியன இவ்வகையின. திடீரென எழும் ஒலிகளையும் மக்கள் பேச்சையும் ஓரளவே குறைக்கும். பக்கத்து இருக்கையில் அமர்ந்து தம் வீட்டு வழக்கை உலகறியப் பேசுவாரை அடக்கவல்ல கருவி இன்னும் தோன்றவில்லை.

பெட்டியின்மேல் அச்சிட்டவற்றைப் படிக்கும் முறையையும் அறிதல் வேண்டும். ஏ.என்.சி. என்னும் மூன்றெழுத்து, நாம் இதுகாறும் கூறிய எதிரலை முறையைக் குறிக்கும். ஈ.என்.சி. என்னும் மூன்றெழுத்தும் உண்டு. அதற்கும் இதற்கும் ஓரெழுத்தே வேறுபாடு, பொருளிலோ பெருவேறுபாடு. நாம் தொலைபேசியில் பேசுங்கால் நம் குரலோடு கலந்து செல்லும் இரைச்சலைக் குறைத்து, மறுமுனையில் உள்ளவர்க்கு நம் பேச்சைத் தெளிவாக்குவதே ஈ.என்.சி. நம் காதில் விழும் இரைச்சலை அது சிறிதும் குறைக்காது. 1,000 ரூபாய்க்குக் கிடைக்கும் பல கருவிகளில் ஈ.என்.சி. என்று மட்டுமே எழுதியிருக்கும். இரைச்சல் அடங்கும் என நம்பி அதனை வாங்கியவர், தமக்கன்றி எதிர்முனையில் இருப்பவர்க்கே உதவி செய்தவர் ஆவர். ‘பாசிவ்’ என்னும் சொல் முன்னே நின்றால், எதிரலை இல்லை, உறையின் தடுப்பு மட்டுமே உண்டு எனக் கொள்க.

‘32 டெசிபெல் வரை’, ‘45 டெசிபெல் வரை’ என்றெல்லாம் எண்கள் காணப்படும். டெசிபெல் என்பது ஒலியை அளக்கும் அலகு. 10 டெசிபெல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் பத்தில் ஒன்றாகும்; 20 குறைந்தால் நூற்றில் ஒன்றாகும்; 30 குறைந்தால் ஆயிரத்தில் ஒன்றாகும். நம் செவியோ 10 டெசிபெல் குறைவை ஏறத்தாழப் பாதி என்றே உணர்கிறது. எண்ணைக் காட்டிலும் நாம் நோக்க வேண்டுவது அதனை அடுத்து நிற்கும் ‘வரை’ என்னும் சிறு சொல்லையே. இலக்கணம் கற்றவன் அச்சொல்லைக் கண்டால் எல்லையை நினைப்பான். விளம்பரம் எழுதுவோன் அதனை ஒளிவிடமாகக் கொள்கிறான். ஏதோ ஓர் அதிர்வெண்ணில், ஆய்வுக்கூடத்தில், மிக நன்றாய் அமைந்த ஒரு வேளையில் கிடைத்த உச்ச அளவே அவ்வெண். மற்றை ஒலிகளில் அஃது எவ்வளவு குறைக்கும் என்பதைப் பெட்டி பேசாது. 45 என்று எழுதிய கருவி, 32 என்று எழுதியதைவிடப் பேருந்தில் தாழ்ந்து நிற்றலும் கூடும்.

அங்ஙனமாயின் கருவியின் தகுதியை யாங்ஙனம் அறிவது? செவியால் அறிக. ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை, தமிழ் எழுத்துகளே போதும். தொல்காப்பியர் எழுத்துகளின் பிறப்பிடத்தை ஆராய்ந்து பிறப்பியல் என ஓர் இயலே வகுத்தார். லகரமும் ளகரமும் ழகரமும் நாவின் சிறு அசைவால் வேறுபடுவன. அவற்றின் வேறுபாட்டைக் காட்டும் ஒலிக்கூறுகள் முழக்கம் நிறைந்த தாழ்ந்த பகுதியில் இல்லை. நொடிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட அதிர்வுகளையுடைய பகுதியில் உள்ளன. வல்லெழுத்துகளோ கண்ணிமைப்பினும் விரைவாக வெடித்து மறைவன. இரைச்சல் மிகுந்த இடத்தில் முதலில் மறைந்துபோவன இவையே. பொருளை ஊகித்து நாம் வாக்கியத்தை நிரப்பிக்கொள்கிறோம். அதனால் நன்றாகக் கேட்டது போன்ற மயக்கம் உண்டாகிறது. தனிச்சொற்களைக் கேட்டால் அம்மயக்கம் நீங்கும்.

இதற்கு ஒரு சொற்பட்டியல் தருகிறேன்: வலி, வழி, வளி, அலகு, அழகு, அளகு, தால், தாள், தாழ், கரை, கறை, மனம், மணம், கடை, சடை, தடை, படை, நடை, மடை, விடை. இவை இருபது சொற்கள். நண்பர் ஒருவரை இவற்றை முறைமாற்றிப் படிக்கச் செய்து, சொல்லுக்குச் சொல் சிறிது இடைவெளி விட்டு, கைப்பேசியில் பதிந்துகொள்க. வரிசை மாறிய பதிவுகள் ஆறு ஏழாவது இருத்தல் வேண்டும். இன்றேல் செவி கேளாததை நினைவு எழுதிவிடும். முதலில் அமைதியான அறையில் ஹெட்போனை அணிந்து, ஒலியை மிகக் குறைத்து வைத்துக் கேட்டு, சொல்வதெழுதுதல் போல எழுதுக. இருபதில் பதினெட்டுச் சொற்கள் பிழையின்றி அமையும்வரை ஒலியை ஒவ்வொரு படியாக ஏற்றுக. அது எத்தனையாவது படி எனக் குறித்துக்கொள்க. பின்னர், ஓடும் மேசை விசிறியின் அருகிலோ பேருந்திலோ அமர்ந்து, இரைச்சலடக்கும் விசையை நிறுத்திவிட்டு, அவ்வாறே செய்க. மூன்றாம் முறை, அவ்விசையை இயக்கிவிட்டுச் செய்க.

அமைதியில் வேண்டிய படிக்கும் இரைச்சலில் வேண்டிய படிக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு என்பதே நாம் நோக்க வேண்டுவது. இயல்பிலேயே உரக்க ஒலிக்கும் கருவியும் மெல்ல ஒலிக்கும் கருவியும் உண்டாதலின், படியின் எண்ணை மட்டும் கொண்டு இரு கருவிகளை ஒப்பிடுதல் பிழையாகும். இடைவெளியைக் கொண்டு ஒப்பிடுதலே முறை. கைப்பேசியும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். அடக்கும் விசையை இயக்கியபோது இவ்விடைவெளி நன்கு சுருங்கினால் அக்கருவி கொடுத்த விலைக்குத் தக்கது. அதை இயக்கினும் இயக்காவிடினும் ஒன்றேயாயின், அவ்விசை வெறும் அலங்காரமே.

என் பேர்த்தி செங்கற்பட்டிலிருந்து சென்னைக் கடற்கரை வரை செல்லும் மின்தொடரில் கல்லூரிக்குச் சென்று வருபவள். தோழியரிடம் இரு கருவிகளை இரவல் வாங்கி வந்து இச்சோதனையைச் செய்தாள். பளபளப்பும் விலையும் மிக்க ஒன்றில் இரைச்சல் வியக்கத்தக்கவாறு அடங்கிற்று. ஆனால் ‘அழகு’ என்பதையும் ‘அளகு’ என்பதையும் அவள் மாறி மாறி எழுதினாள். காரணம், அக்கருவி தாழ்ந்த ஒலியை மிகைப்படுத்தி ஒலிப்பது. முழவொலியை விரும்பும் இளைஞர்க்காக அங்ஙனம் செய்யப்பட்டது. விலை குறைந்த மற்றொன்று இரைச்சலைச் சிறிது மிகுதியாக உள்ளே விட்டது. எழுத்துகளையோ தெளிவாய்க் காட்டிற்று. பாடம் கேட்பதற்கு இரண்டாவதே சிறந்தது என்பது என் கருத்து. இசையே குறிக்கோளாயின், மிருதங்கத்தின் இருபக்கமும் தனித்தனியே கேட்கும் பதிவு ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். இடந்தலையின் கும்காரம் வலந்தலையின் நாதத்தை விழுங்கிவிடுமாயின் அக்கருவியை விடுக. அடக்கும் விசையை இயக்கியவுடன் பாட்டின் நிறமே மாறுகின்றதா என்பதையும் நோக்குக. விலை குறைந்தவற்றில் இக்குறை பெரிதும் காணப்படும். அமைதியான அறையில் அவ்விசையை இயக்கினால் மெல்லிய ‘உஸ்’ என்னும் ஒலி எழுதலும், சிலருக்குக் காதை அழுத்துவது போன்ற உணர்ச்சி தோன்றுதலும் உண்டு. அவ்வழுத்தம் தமக்கு ஒவ்வாது எனக் கண்டவர் வேறு கருவியை நாடுதல் நன்று.

எத்துணைச் சிறந்த கருவியாயினும் காதோடு பொருந்தவில்லையெனில் பயனில்லை. சிறு இடைவெளி இருப்பினும் தாழ்ந்த முழக்கம் உள்ளே புகுந்துவிடும். என் மூக்குக்கண்ணாடியின் காம்பு உறைக்கும் தோலுக்குமிடையே ஒரு சந்தை உண்டாக்கி, பாதிப் பயனைக் கொண்டுபோய்விடுகிறது. ஜிமிக்கி அணிந்த பெண்களுக்கு ஹெட்போனின் உறை வலி தரும். அவர்க்கு இயர்பட்ஸ் ஏற்றது. இயர்பட்ஸோடு மூன்று அளவுகளில் இரப்பர் முனைகள் தருவர். பலர் கருவியில் மாட்டி வந்ததையே இறுதிவரை வைத்துக்கொள்கின்றனர். பொருத்தம் அறிய எளிய வழி ஒன்று உண்டு: வாயை மூடி ‘ம்’ என முனகுக. நும் குரல் தலைக்குள்ளே முழங்கினால் அடைப்பு நன்று. வழக்கம்போல் கேட்டால் முனையை மாற்றுக. எடையும் நோக்கத்தக்கது. சோனி நிறுவனம் 2023 இல் வெளியிட்ட நடுத்தர விலை ஹெட்போன் ஒன்றின் எடை 192 கிராம். இஃது இவ்வகையில் இலேசானது. 250 கிராமுக்கு மேற்பட்டது சித்திரை வெயிலில் அரைமணி நேரத்தில் தலைச்சுமையாகிவிடும். உறைக்குள் வியர்வையும் ஊறும்.

ஒலியைக் குறைத்துக் கேட்பதில் நான் இத்துணை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. உட்செவியில் நத்தை ஓடு போல் சுருண்ட உறுப்பு ஒன்று உளது. அதனுள் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் வரிசையாய் நிற்கின்றன. ஒலியலை நம் அறிவுக்கு எட்டுவது அவற்றின் வாயிலாகவே. பேரொலி அவற்றைச் சாய்த்து மடியச் செய்கிறது. வெட்டுண்ட நகம் வளரும். உதிர்ந்த தலைமயிர் பலருக்கு முளைக்கும். மடிந்த இம்மயிர்ச்செல் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. அவ்விழப்பில் வலியும் இல்லை. ஆதலால் இழந்தவர் பல ஆண்டுகள் கழித்தே அறிகின்றனர். அப்போது முதலில் மறைவனவும் உயர்ந்த ஒலிகளே. பிறர் பேசுவது காதில் விழும். இன்ன சொல் என்பது விளங்காது.

உலக நலவாழ்வு நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019 இல் இதற்கு ஒரு வரம்பை அறிவித்தன. வளர்ந்தோர் 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம்; சிறுவர்க்கு அதே 40 மணிக்கு 75 டெசிபெலே வரம்பு. ஒலி 3 டெசிபெல் ஏறுந்தோறும் காலம் பாதியாகும். 80 ஆயின் 40 மணி; 83 ஆயின் 20 மணி; 86 ஆயின் 10 மணி; 89 ஆயின் 5 மணியே. பேருந்தின் இரைச்சலே 80 டெசிபெலை எட்டுமிடத்து, அதனை மிஞ்சிக் கேட்க விரும்புவோன் 90 வரை ஏற்றாது விடான். நாள்தோறும் இரண்டு மணி நேரம் பயணம் செய்பவன் அவ்வாரத்தின் பங்கை இரண்டு நாள்களிலேயே செலவழித்துவிடுவான். இரைச்சல் அடங்கியமையால் அவன் 75 இல் கேட்க முடியுமாயின், கருவிக்குக் கொடுத்த விலை செவிக்குக் கொடுத்த விலையே. கருவி இரைச்சலை அடக்கியும் பழக்கத்தால் ஒலியை முன்போலவே ஏற்றி வைத்துக் கேட்பாரும் உளர். அவர்க்கு இக்கருவியால் ஆவது ஒன்றுமில்லை. பல கைப்பேசிகளில் ஒலியின் உச்சத்தை வரையறுத்து வைக்கும் வசதி உண்டு. அதனை முதல்நாளே அமைத்துக்கொள்ளலாம்.

காட்டு மனிதனுக்குச் செவி காவலாய் இருந்தது என்றேன். சாலையில் நமக்கும் அது காவலே. பின்னால் வரும் லாரியின் ஒலியைக் கொண்டே அஃது எப்பக்கம், எவ்வளவு அண்மையில் வருகிறது என அறிகிறோம். செவியை அடைத்துக்கொண்டவன் அவ்வறிவை இழக்கிறான். தண்டவாளத்தைக் கடக்கும்போது ஹெட்போன் அணிந்திருந்து உயிரிழந்தோரைப் பற்றிச் செய்தித்தாள்களில் பலமுறை படிக்கிறோம். புறத்தே உள்ள மைக்கின் வழியே வெளியொலியை உள்ளே விடும் முறை ஒன்று இக்கருவிகளில் பலவற்றில் உண்டு. நிலையத்தின் அறிவிப்பைக் கேட்கவும், அம்மா அழைத்தால் செவிசாய்க்கவும் அது போதும். சாலையில் நடக்கப் போதாது. விலை குறைந்தவற்றில் அம்முறை ஒலியின் திசையைத் தெளிவாய்க் காட்டுவதில்லை. நடக்கும்போதும் மிதிவண்டியில் செல்லும்போதும் கருவி பைக்குள் இருக்கத்தக்கது.

கம்பியில்லாமை பற்றி மிகுதியாகக் கூற வேண்டுவதில்லை. டென்மார்க்கை ஆண்ட பத்தாம் நூற்றாண்டு அரசன் ஒருவனின் பட்டப்பெயரால் புளூடூத் என வழங்கும் வானொலி முறையே இவை அனைத்திலும் உண்டு. ஒலி சிறிது தாமதித்து வரும்; பாடத்துக்கும் பாட்டுக்கும் அதனால் இடரில்லை; விளையாட்டில் மட்டும் உறுத்தும். ஒலிக்குறி முறைகளின் பெயர்களைப் பெட்டியில் அடுக்கியிருப்பர். ஓடும் பேருந்தில் அவ்வேறுபாட்டை உணரவல்ல செவியை நான் இன்னும் கண்டதில்லை. இரைச்சலடக்கும் விசை புளூடூத்தின் துணையின்றியும் இயங்கும். பாட்டு எதுவும் இன்றி, அமைதிக்காகவே அணிந்து படிக்கலாம் என்பது பலர் அறியாதது.

மின்கலத்தைப் பற்றிய எண்களில் இரண்டை வேறு பிரித்து அறிதல் வேண்டும். முன்னே கூறிய 192 கிராம் ஹெட்போன், அடக்கும் விசை இயங்கும்போது 35 மணி நேரமும், இயங்காதபோது 50 மணி நேரமும் உழைக்கும் என அந்நிறுவனம் அறிவித்தது. பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிடுவது பெரும்பாலும் பெரிய எண்ணையே. இயர்பட்ஸில் இன்னும் ஒரு மயக்கம் உண்டு. ‘50 மணி’ என்பது, செப்புப் போன்ற அதன் பெட்டியில் பலமுறை வைத்து மின்னேற்றிய மொத்தக் கணக்கு. காதில் தொடர்ந்து நிற்பது ஐந்து முதல் எட்டு மணி வரையே இருக்கும். மின்கலம் ஆண்டுதோறும் வலிமை குன்றும். இயர்பட்ஸில் அதனை மாற்றுதல் அரிது. ஆதலின் அதன் ஆயுள் மின்கலத்தின் ஆயுளே. ஹெட்போன் சிலவற்றில் கம்பியைச் செருகும் துளையும் இருக்கும். மின்கலம் ஓய்ந்த பின்னும் அது சாதாரணக் கருவியாய் உழைக்கும். ஹெட்போனில் முதலில் பழுதடைவது காதுறை. வியர்வையால் அதன் மேற்றோல் இரண்டு ஆண்டுகளில் உரிந்து, அடைப்புக் குன்றி, இரைச்சல் உள்ளே வரத் தொடங்கும். அப்போது கருவியையே குறை கூறிப் புதிது வாங்குவோர் பலர். உறை தனியே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குமா என்பதை வாங்கும் நாளிலேயே கடைக்காரரிடம் கேட்டறிந்து, ரசீதின் பின்புறத்தில் குறித்து வைத்துக்கொள்ளலாம்.